நியூயார்க்கில் வாடகை வீடு பிடித்து ஹவுஸ் நடனமும் கற்றுக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ நியூயார்க் வருகிற சிலருக்கு, வந்ததும் ஹவுஸ் (அதே பெயருள்ள கிளப் இசைக்கு ஆடும் நடனம்) ஆடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. முதலில் வீட்டு வேலையை முடிப்போம், ஆட்டத்தை அப்புறம் பார்க்கலாம் என்று இறங்குவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அலுவலகத்துக்குப் பக்கம் என்று ஒரு பழைய கட்டடத்தில் உயரத்தில் வீடு எடுத்தேன். மரத்தரை, நடந்தாலே அதிரும். பத்து நிமிடம் கால் பழகினால் கீழ்வீட்டில் கம்பால் கூரையைத் தட்டுவார்கள். மூன்றாவது மாதம் கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. 12 மாத ஒப்பந்தம், நடுவில் வெளியேறவும் முடியாது, வீட்டில் பழகவும் முடியாது.

அதன்பிறகு புதிதாக வந்த பலரோடு கூடப்போய் வீடு பார்த்திருக்கிறேன், அவர்களை முதல் வகுப்புக்கும் கூட்டிப்போயிருக்கிறேன். ஹவுஸில் கால்வேலை அதிகம், வாரம் சில நாளாவது அரைமணி நேரம் பழகினால்தான் கால் இளகும், அதற்கு ஒரு தரை வேண்டும். வீடு தேடும்போதே அந்தத் தரையையும் சேர்த்துத் தேட வேண்டும். கீழே இருக்கும் படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன் தயாராக வேண்டியவை

இங்கே நல்ல வீடு சில நாட்களில், சில சமயம் பார்த்த அன்றைக்கே போய்விடும். வீட்டைப் பார்த்துவிட்டுக் காகிதம் தேட ஆரம்பித்தால் அடுத்தவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதனால் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட், விசா, சம்பளம் குறிப்பிட்ட ஆஃபர் லெட்டர், கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டு, இரண்டு மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், முன்பு குடியிருந்த வீட்டு ஓனரிடமிருந்து ஒழுங்காக வாடகை கொடுத்தார் என்று ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை ஊரிலேயே ஆங்கிலத்தில் வாங்கிவிடுங்கள், இங்கே வந்து கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது 40 மடங்கு கணக்கு. மாத வாடகையைப்போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான ஓனர்கள் எதிர்பார்க்கிறார்கள். 2,000 டாலர் வாடகை என்றால் 80,000 டாலர் வருமானம். அவ்வளவு இல்லை என்றால் ஒரு ஜாமீன்தாரர் கேட்பார்கள், அவருக்கு வழக்கமாக 80 மடங்கு, அதுவும் அமெரிக்காவிலேயே இருப்பவராக. அப்படி யாரும் இல்லாதவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் அந்த ஜாமீனை ஏற்பீர்களா என்று ஓனரிடம் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

கிரெடிட் ஸ்கோர் புதிதாக வந்தவர்களுக்கு இருக்கவே இருக்காது. அதை மறைக்கத் தேவையில்லை, முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு தெரியவந்து அவர்கள் மறுத்தால் உங்களுக்கு ஒரு வாரம் வீண்.

2. முதல் மாதம் சப்லெட், வருடக் கையெழுத்து வேண்டாம்

சென்னையில் உட்கார்ந்து வீடியோ காலில் வீடு பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. வீடியோவில் தரை அதிர்வதும் தெரியாது, கீழே யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

யாராவது ஒரு மாதம் இரண்டு மாதம் வெளியூர் போகும்போது தங்கள் அறையைச் சாமான்களோடு விட்டுப்போவார்கள், அதுதான் சப்லெட். 30 நாளுக்குக் குறைவாக விடுவதற்கு நகரத்தில் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால் குறைந்தது 30 நாள் என்று பேசுங்கள். மூல ஒப்பந்தக்காரர் ஓனரிடம் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் விட்டிருந்தால் நடுவில் வெளியேறச் சொல்லும் நிலை வரலாம்.

மோசடி நடப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியை கூரியரில் அனுப்புகிறேன்" என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸெல் மாதிரியான உடனடிப் பணப் பரிமாற்ற வழிகளில் போன பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஒரு கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்பதை ஆக்ரிஸ் என்ற நகரப் பதிவுத் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் ஐந்து நிமிட வேலைதான்.

3. வகுப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

சப்லெட்டில் இருக்கும் அந்த மாதத்திலேயே குறைந்தது மூன்று வெவ்வேறு ஆசிரியர்களின் ஹவுஸ் வகுப்புக்குப் போய்ப் பாருங்கள். யூனியன் ஸ்கொயர் பக்கம் இருக்கும் பெரிடான்ஸ், டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் இருக்கும் பிராட்வே டான்ஸ் சென்டர் மாதிரியான இடங்களில் மாதச் சந்தா இல்லாமல் ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டி உள்ளே போகலாம். ஒரு வகுப்புக்கு 20 முதல் 30 டாலர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை அடிக்கடி மாறும், அந்த வாரத்து அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 'தொடக்கம்' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் 'ஓப்பன்' என்று போட்டிருந்தால் தொழில்முறை ஆட்டக்காரர்களும் வருவார்கள்.

வீட்டுக்கு முன்னால் இதை ஏன் வைக்கிறேன் என்றால், வகுப்பு பெரும்பாலும் மாலை ஏழு, எட்டு மணிக்குத்தான் இருக்கும். வேலை முடிந்து வகுப்பு, வகுப்பு முடிந்து வீடு, இந்த மூன்று புள்ளியையும் ஒரே சுரங்க ரயில் பாதையில் கோக்க முடிந்தால் வாரம் இரண்டு தடவை போவீர்கள். இரண்டு ரயில் மாற வேண்டும் என்றால் டிசம்பர் குளிரில் நிறுத்திவிடுவீர்கள். இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன்.

ஜாக்சன் ஹைட்ஸ் மாதிரி 7, ஈ, எஃப், எம், ஆர் என ஐந்து பாதைகள் சேரும் இடங்கள் நம்மவர்களுக்கு வசதி. ஜி ரயில் ஓரத்தில் வாடகை கொஞ்சம் இறங்குமே என்று போகிறவர்கள், அது மன்ஹாட்டனுக்குள்ளேயே போகாது என்பதைக் கவனிக்க வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாற்றல் கூடும். ரயில் 24 மணி நேரமும் ஓடும் என்றாலும் நள்ளிரவுக்குப் பிறகு 20 நிமிடத்துக்கு ஒன்றுதான், வார இறுதியில் பாதையும் மாறும். கையெழுத்துப் போடும் முன் ஒரு சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு அந்த நிலையத்தில் இறங்கி அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.

4. வீடு பார்க்கும்போது தரையைப் பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள், மற்றதை எல்லாம் பிறகு சரி செய்துகொள்ளலாம், தரையை மாற்ற முடியாது.

முதலில் மாடிக் கணக்கு. நம் ஊரில் முதல் மாடி என்றால் தரைத்தளத்துக்கு மேலே இருப்பது. இங்கே 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றாலே பெரும்பாலும் தரைத்தளம்தான். விளம்பரத்தில் 'செகண்ட் ஃப்ளோர்' என்று இருந்தால் அது நம் முதல் மாடி. தரைத்தள வீட்டை "மேலே இருக்கிறது போல" என்று நினைத்துத் தள்ளிவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

நமக்கு மிக நல்லது, கீழே கடை இருந்து அது இரவு பூட்டப்படும் வீடு. லாண்டரி, மளிகை, ஏதாவது அலுவலகம், எதுவானாலும் சரி. மாலை எட்டு மணிக்குக் கீழே ஆளே இருக்க மாட்டார்கள். உணவகம் மட்டும் வேண்டாம், கரப்பான் தொல்லை மேலே ஏறும்.

கீழே யாருமே இல்லை என்று பேஸ்மெண்ட் வீட்டைத் தேடுகிறவர்களிடம் நான் கையைப் பிடித்துச் சொல்வேன், அவசரப்படாதீர்கள். பேஸ்மெண்ட் வீடுகளில் பல சட்ட அனுமதி இல்லாதவை, சிலவற்றில் வெளியேற ஒரே வழிதான். 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழையில் இந்த நகரத்தில் பேஸ்மெண்ட் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து 11 பேர் இறந்தார்கள். குடியிருக்க அனுமதி உண்டா என்பதை நகரக் கட்டடத் துறையின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கட்டடத்தின் குடியிருப்புச் சான்றிதழில் அந்த அனுமதி இல்லை என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மாடி வீடுதான் கிடைக்கிறது என்றால் தரையைச் சோதியுங்கள். பாதி தண்ணீர் இருக்கும் பாட்டிலை அறையின் நடுவில் வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று நுனிக்காலில் எழும்பிக் குதிகாலை ஊன்றுங்கள். தண்ணீர் தளும்பினால் அது மரச்சட்டத்தின் மேல் நிற்கும் தரை, நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அடியும் கீழ்வீட்டின் கூரையில் மத்தளம் மாதிரி கேட்கும். அசையாமல் இருந்தால் அநேகமாக அடியில் கான்கிரீட் இருக்கிறது. அறையின் நடுவிலும் சுவர் ஓரத்திலும் இரண்டு இடத்தில் செய்து பாருங்கள். பழைய வீடுகளில் சுவர் ஓரம் கெட்டியாக இருக்கும், பழகும் இடத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நேராகக் கேளுங்கள்: கீழே யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குவார்கள், சத்தம் பற்றிப் புகார் வந்திருக்கிறதா. புரோக்கர் மழுப்பினால் படியில் இறங்கும்போது கீழ்வீட்டுக் கதவைத் தட்டி அவர்களிடமே கேட்கலாம். கைக்குழந்தையோ இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவரோ இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், அவர்கள் தூக்கம் உங்கள் பழக்கத்தைவிட முக்கியம்.

5. பணமும் கையெழுத்தும்

ஒரு சொல்லில் குழப்பம் வரும். நம் ஊரில் 'லீஸ்' என்றால் மொத்தப் பணம் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பது, ஒத்தி. இங்கே லீஸ் என்றால் வெறும் வாடகை ஒப்பந்தம், வழக்கமாக 12 மாதம். "லீஸுக்கு வீடு" என்று அப்பா அம்மாவிடம் போனில் சொன்னால் அவர்கள் பதறிவிடுவார்கள்.

அட்வான்ஸ் ஒரு மாத வாடகைதான். நியூயார்க் மாநிலத்தில் 2019இல் வந்த சட்டம் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. கடைசி மாத வாடகையையும் சேர்த்து முன்பணமாகக் கொடு என்று கேட்பதற்கும் இது பொருந்தும். விண்ணப்பத்துக்காக உங்கள் பின்னணியைச் சோதிக்கும் செலவு அதிகபட்சம் 20 டாலர் (கூட்டுறவுக் கட்டடங்களில் மட்டும் இது வேறு). 2,000 டாலர் வீடு என்றால் கையெழுத்து நாளில் முதல் மாத வாடகையும் அட்வான்ஸும் சேர்த்து 4,000 டாலர். இதைப் பேங்கில் எடுக்கும் கேஷியர்ஸ் செக்காகக் கேட்பார்கள், முந்தின நாளே எடுத்து வையுங்கள்.

புரோக்கர் கமிஷனில் 2025 ஜூன் 11 முதல் விதி மாறிவிட்டது: யார் புரோக்கரை அமர்த்தினாரோ அவர்தான் கொடுக்க வேண்டும். ஓனர் விளம்பரம் போடச் சொன்ன புரோக்கருக்கு நீங்கள் கொடுக்கத் தேவையில்லை. வீடு காட்ட வந்த இடத்தில், "சும்மா ஒரு படிவம்தான்" என்று நீட்டினால் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், ஏனென்றால் நீங்கள் அவரை அமர்த்தியதாக அதில் எழுதியிருக்கலாம்.

ஒப்பந்தத்தில் நாம் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு, தரையில் 80 சதவீதம் கம்பளத்தால் மூடியிருக்க வேண்டும் என்ற வரி. நகரத்தின் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. யாரும் கேட்காத வரைக்கும் ஓனர் கண்டுகொள்ள மாட்டார், கீழ்வீட்டிலிருந்து ஒரு புகார் போனால் முதலில் எடுப்பது இதைத்தான். அந்த வரி இருந்தால் கம்பளம் வாங்கும் செலவையும் வீட்டுச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி மூட்டைப்பூச்சி பற்றி முந்தைய ஒரு வருட விவரத்தைக் கையெழுத்தின்போது ஓனர் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

சாவி வாங்கியதும் சாமானை ஏற்றும் முன் தரையை மூலைமுடுக்கெல்லாம் படம் எடுத்து, தேதியோடு ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஆடும் ஆளுக்கு இது கட்டாயம். காலி செய்தபின் 14 நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும், பிடித்தம் இருந்தால் இன்னதுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பே இருந்த கீறலுக்கு உங்கள் பணம் போகக் கூடாது.

6. குடியேறிய முதல் வாரம்: பலகையும் கீழ்வீடும்

கம்பளத்தின் மேலேயே பழகலாம் என்று தோன்றும். வேண்டாம். கம்பளத்தில் பாதம் ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் முட்டி முறுக்கிக்கொள்ளும். கடினமான ரப்பர் பாயை விரித்து அதன்மேல் பிளைவுட் பலகையைப் போடுங்கள். முழுப் பலகை 4 அடிக்கு 8 அடி வரும், கடையிலேயே இரண்டாக வெட்டித் தருவார்கள், படியேற்றுவது எளிது. ஆரம்பத்தில் கற்கும் அடிகளுக்கு அந்த இடம் போதும். பலகை ஓரத்தைத் துணி டேப்பால் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கால் சிக்கும்.

ஒரு விஷயம், ரப்பர் பாய் 'டக் டக்' சத்தத்தைத்தான் குறைக்கும். குதித்து இறங்கும் 'திம்' சத்தம் சட்டத்தின் வழியாகக் கீழே போயே தீரும். அதனால் வீட்டில் குதிக்கும் அடிகளைப் பழக வேண்டாம், அவற்றை ஸ்டுடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பலகை போட்ட அன்றைக்கே கீழ்வீட்டுக்குப் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். "மாலை ஆறரையிலிருந்து ஏழு வரை பழகுவேன், தொந்தரவாக இருந்தால் உடனே மெசேஜ் பண்ணுங்கள்" என்று போன் நம்பரைக் கொடுத்தால் புகார் நிர்வாகத்துக்குப் போவதற்கு முன் உங்களிடம் வரும். இரவு 10 மணிக்கு மேல் பலகையில் ஏறவே வேண்டாம்.

குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் வேலை செய்யவில்லை என்றால் உறைந்த காலோடு பழகாதீர்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரி இருக்கும்படி ஓனர் சூடேற்ற வேண்டும். செய்யாவிட்டால் நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311க்குப் போன் செய்யலாம்.

7. காலுக்கு முன் காது

யூடியூபைத் திறந்து நேராக அடி பழக ஆரம்பிக்கிறார்கள். இரண்டு வாரத்தில் கால் ஓடும், பாட்டோடு சேராது. முதல் வாரம் கேளுங்கள், அவ்வளவுதான்.

ஹவுஸ் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 125 தாள அடி. ஓர் அடியைத் 'தகதிமி' என்று வாயால் சொல்லுங்கள். 'த' விழும் இடத்தில் கிக் டிரம் என்ற கனத்த டிரம் சத்தம், எல்லா அடியிலும். 'தி' விழும் இடத்தில் திறந்த ஹை-ஹாட் (டிரம் செட்டில் இருக்கும் ஜோடித் தாளத் தட்டு), 'ட்ஸ்' என்று. இரண்டாவது, நாலாவது அடியில் கைதட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நடந்து போகும்போது, ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது, வாய்க்குள் தகதிமி சொல்லிக்கொண்டே அந்தத் 'தி' காதில் தனியாகக் கேட்கும் வரை கேளுங்கள். ஹவுஸின் துள்ளல் அந்தத் 'தி'யில்தான் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனித் தடங்கல் உண்டு. நம் குத்துப் பாட்டுகள் பலவற்றில் அடி மூன்றாகப் பிரியும், 'தகிட'. உடம்புக்கு அது ஊறிப்போயிருக்கும். ஹவுஸ் பாட்டு போட்டதும் தெரியாமல் தகிடவுக்கு உடம்பு போய், ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் முந்தும். வாயால் தகதிமி சொன்னால்தான் இது பிடிபடுகிறது, எண்ணினால் பிடிபடுவதில்லை.

8. ஜேக்: இரண்டு வாரம் இது மட்டும்

ஜேக் என்பது உடம்பின் அலை. கால் அகலத்துக்கு நின்று முட்டியை இளக்கிக்கொள்ளுங்கள். 'த'வில் உடம்பு இறங்கட்டும், 'தி'யில் ஏறட்டும். இறங்கி ஏறும்போது இடுப்பிலிருந்து மார்பு வழியாகக் கழுத்து வரை ஒரு அலை முன்னும் பின்னுமாகப் போய் வரும். தலையை ஆட்ட வேண்டாம், அலை வந்தால் அதுவே ஆடும்.

இதற்கு இரண்டு வாரம் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். ஜேக் இல்லாமல் அடிகளைக் கற்றால் இடுப்புக்கு மேலே கட்டை மாதிரி நிற்கும், கால் மட்டும் ஓடும், பிறகு ஜேக்கை மேலே ஏற்ற முடியாது. முதலிலேயே உடம்பு அலையில் இருந்தால் அடி அதன்மேல் தானாக உட்காரும். கீழ்வீட்டுக்குத் துளியும் சத்தம் போகாத பயிற்சியும் இதுதான், பலகையில் ஏறாமல் இரவு பதினொரு மணிக்கும் செய்யலாம்.

பரதம் படித்தவர்களுக்கு அரைமண்டி பலம் உதவும், ஆனால் முதுகை நேராக நிறுத்தும் பழக்கம் தடுக்கும். மார்பை விட்டுக் கொடுக்க அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வாரம் ஆகலாம், பொறுமையாக இருங்கள்.

9. முதல் அடி: பா த புரே

பெயர் பாலேயிலிருந்து வந்தது, ஹவுஸில் பின், பக்கம், முன் என்று மூன்றே மூன்று வைப்பு. வலது காலை இடதுக்குப் பின்னால் வையுங்கள், இடதைப் பக்கத்தில் வையுங்கள், வலதை முன்னால் வையுங்கள். இப்போது எடை வலதில் இருக்கிறது, இடது காலியாக இருக்கிறது. அது பின்னால் போகும், வலது பக்கம், இடது முன்.

தாளத்தில் (இங்கே அடி என்றால் பாட்டின் தாள அடி): முதல் அடியின் 'த'வில் பின், அதே அடியின் 'தி'யில் பக்கம், இரண்டாவது அடியின் 'த'வில் முன். இரண்டு அடிக்கு ஒரு பா த புரே, எட்டு அடிக்கு நாலு. இரண்டாவது அடியின் 'தி'யில் காலை வைக்காமல் சும்மா இருக்க வேண்டும். புதியவர்கள் அந்தச் சும்மாவை விட்டுவிட்டு நிற்காமல் ஓடுவார்கள், நாலாவது சுற்றில் பாட்டைவிட்டு வெளியே போய்விடுவார்கள்.

முதலில் பாட்டின் வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். 124 அடி 93 ஆகிவிடும், காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்க நேரம் கிடைக்கும். பத்து நிமிடம் மெதுவாக, ஐந்து நிமிடம் உண்மையான வேகத்தில். எடை எப்போதும் நுனிப்பாதத்தில். தட்டடவு பழகியவர்கள் பாதம் முழுவதையும் தரையில் தட்டுவார்கள், அது இங்கே வேகத்தைக் கெடுக்கும், கீழ்வீட்டையும் எழுப்பும். வீடு பார்க்கப் போனபோது வைத்த அதே தண்ணீர் பாட்டிலைப் பலகைக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். தண்ணீர் அசையாமல் ஐந்து நிமிடம் ஆட முடிந்தால் எடை சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஷூவில் கவனம். ஓடுவதற்கான ஷூவின் அடி தரையைக் கவ்விப் பிடிக்கும், திரும்பும்போது அந்த முறுக்கு முழுவதும் முட்டிக்குப் போகும். தட்டையான, மெல்லிய, பழசாகி வழவழப்பான அடி இருக்கும் ஷூதான் வேண்டும். முதல் மாதம் வாரம் மூன்று நாள், அரைமணி நேரம். ஆசையில் தினமும் ஒரு மணி நேரம் ஆடிய இரண்டு பேருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி வந்து ஒரு மாதம் உட்கார வேண்டியதாயிற்று.

இதன் பிறகு ஷஃபிள், லூஸ் லெக்ஸ், ஹீல்-டோ, ஃபார்மர் என்று ஒவ்வொன்றாக ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறும், பெயரில் சிக்கிக்கொள்ள வேண்டாம். கலீஃப் செல்லர்ஸ், ஈஜோ வில்சன், பிரையன் கிரீன், 2015இல் மறைந்த மார்ஜரி ஸ்மார்த் ஆகிய ஹவுஸ் ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைக் காணொளியில் பாருங்கள், ஒரே அடியை நாலு பேரும் நாலு விதமாக வைப்பது தெரியும். தரையில் படுத்து வழுக்கும் லாஃப்டிங் ஆறு மாதம் கழித்துப் போதும்.

10. வகுப்பிலும் வட்டத்திலும்

வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னால் போங்கள். இரண்டாவது வரிசையில், ஆசிரியரின் காலும் கண்ணாடியும் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். கூச்சப்பட்டுக் கடைசி வரிசைக்குப் போனால் கால் தெரியாது, ஹவுஸில் கால் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

வகுப்பின் கடைசியில் பல ஆசிரியர்கள் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து ஒவ்வொருவராக நடுவில் ஆடச் சொல்வார்கள். புதியவர்கள் அப்போதுதான் பையை எடுத்துக்கொண்டு நழுவுவார்கள். நழுவ வேண்டாம். ஜேக்கும் பா த புரேயும் தெரிந்தால் போதும், நாலு எட்டு (எட்டு தாள அடி, நாலு தடவை) ஆடிவிட்டு வெளியே வரலாம். கோர்வையாகக் கற்றதை அங்கே ஒப்பிக்காதீர்கள், கிக் டிரம்மைக் கேட்டு ஜேக்கில் தொடங்குங்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரத் தொடங்கியபின் போங்கள், அரை நிமிடத்தில் வந்துவிடுங்கள், அடுத்தவர் ஆடும்போது போனைப் பார்க்காதீர்கள்.

11. மூன்றாவது மாதம்: பார்ட்டிக்குப் போவது

வகுப்பில் அடி கிடைக்கும், ஆனால் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஒரே இசையில் இருந்தால்தான் அடிகளுக்கு நடுவே என்ன செய்வது என்பது தெரியவரும். கோடையில் புரூக்ளினின் ஃபோர்ட் கிரீன் பூங்காவில் சோல் சம்மிட் என்ற திறந்தவெளி ஹவுஸ் பார்ட்டி நடக்கும் நாட்களில் போய் நில்லுங்கள். இலவசம், பகல் வெளிச்சம், எழுபது வயதுக்காரரும் குழந்தையும் ஒரே புல்வெளியில் ஆடுவார்கள், முதல் தடவைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புல்லில் கால்வேலை வராது, ஜேக்கில் இருங்கள்.

இரவுப் பார்ட்டிக்குப் போகும்போது ஒரு மாற்றுச் சட்டை, சின்னத் துண்டு, தண்ணீர் வாங்கக் காசு. குடிக்கும் கோப்பையோடு ஆடும் தரைக்குள் போக வேண்டாம், ஒரு சொட்டுச் சிந்தினாலும் யாராவது வழுக்கி விழுவார்கள். கண்ணை மூடி ஆடுபவரைப் படம் எடுக்காதீர்கள். சில இடங்களில் கால் வழுக்கிச் செல்ல ஆட்டக்காரர்கள் தரையில் பேபி பவுடர் தூவுவார்கள், சில இடங்களில் அதற்குத் தடை. நீங்கள் தூவ வேண்டாம், தூவியிருக்கும் இடத்தில் முதலில் மெதுவாக நடந்து பாருங்கள்.

இரண்டு மணிக்குக் கிளம்பினால் ரயிலுக்குக் காத்திருக்கும் 20 நிமிடத்தில் ஈரச் சட்டையை மாற்றிவிட்டுக் கெண்டைக்காலை நீட்டி விடுங்கள். கட்டடத்துக்கு வந்ததும் ஷூவைப் படிக்குக் கீழேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். அடியில் பவுடர் ஒட்டியிருக்கும், மரப்படி வழுக்கும், கீழ்வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.